குத்திக்காசு வாஷர்கள்

துப்பறியும் வேலை என்றால் துப்பாக்கி இருக்கும், கறுப்புக் கண்ணாடி இருக்கும், பின்னால் ஒரு கார் விரட்டும் என்று நம்பித்தான் நான் மரியநாயகி அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கிடைத்தது ஒரு பழைய ஸ்கூட்டி, பின் சீற்றில் குடை பிடித்த அக்கா, தலையைப் பிளக்கிற புத்தூர் வெயில்.

"மெதுவா ஓடடா நிருஷன். உயிரோடை போய்ச் சேர்ந்தால்தான் கேஸ் பாக்கலாம்."

"இதைவிட மெதுவாப் போனால் சனம் உருட்டிக்கொண்டு போறம் எண்டு நினைக்கும், அக்கா."

"அது சரி, உன்ரை நம்பர் தகடு இப்ப ஏன் கடகடக்கேல்லை? கொஞ்ச நாளா நிம்மதியா இருக்கு."

"மருதனார்மடத்துச் சந்தையிலை சைக்கிள் விடுற பார்க் வைச்சிருக்கிற அண்ணை பேசிப்போட்டார். 'உந்தத் தகரச் சத்தத்தோடை உள்ளுக்கை வராதை' எண்டு சொல்லி, என்னத்தையோ குடுத்து முறுக்கிவிட்டவர். காசும் வேண்டேல்லை."

"நல்ல மனிசன்."

"நல்ல மனிசனோ, காது பொறுக்காத மனிசனோ, ஆர் கண்டது?"

அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. வாகனக் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் விபத்து விசாரணை செய்தே தலை நரைத்தவர். நெளிந்த கதவு ஒன்றைக் காட்டினால் போதும், புருசன் பொய் சொல்கிறானா மனிசி பொய் சொல்கிறாளா என்று சொல்லிவிடுவார். பென்சன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்க விசர் பிடித்து இந்தத் தொழிலைத் தொடங்கினார். நான் அவருக்குச் சாரதி, உதவியாளர், தேத்தண்ணி வாங்குகிறவன், பேச்சும் வாங்குகிறவன்.

இன்றைய கேஸ் ஒரு ஜீப். சரியாகச் சொன்னால், ஒரு ஜீப்புக்குள் காணாமல்போன ஒரு மனிசன்.

பார்த்தீபன் அண்ணையின் தோட்டத்துக் கொட்டிலில் அது நின்றது. பழைய லாண்ட்ரோவர், நாலு சில்லும் இழுக்கிற சாதி. பார்த்தீபன் அண்ணைக்கு வெங்காயத் தோட்டம் தொழில், பழைய ஜீப் வருத்தம், தீராத நோய் மாதிரி. ஞாயிற்றுக்கிழமையானால் சுண்டிக்குளத்து மணல், மண்ணித்தலைச் சேறு என்று தார் ரோட்டில்லாத இடமாகப் பார்த்து ஓடுவார். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் திருத்தலாம்" என்பார்.

"கிளிநொச்சிப் பழைய இரும்புக்காரனிட்டை வேண்டேக்கை இது ஜீப்பில்லை அக்கா, எலும்புக்கூடு," என்றார். கையெல்லாம் கிறீஸ். "சேசிசை உப்புமண் திண்டு போட்டுது. அழுகினதை வெட்டி வேறை இரும்பு வைச்சு ஒட்டினன். முன் சில்லுக்கு இழுவை குடுக்கிற கியர் இறுகிப்போய்க் கிடந்தது. டீசலிலை ஊறப்போட்டு ஊறப்போட்டுத்தான் கழண்டது. எஞ்சின் இப்ப இருமுது, இன்னும் கதைக்கேல்லை."

"பிரேக்?"

"அதைப் பற்றி இப்ப கதைக்க வேண்டாம்."

ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். தர்சிகா. வயது முப்பத்தைந்து இருக்கும், தபால் கந்தோரில் வேலை, எங்களை வரச் சொன்னதும் அவள்தான். பார்த்தீபன் அண்ணை முகப்புத்தகத்தில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். ஜீப்பின் தரையைக் காட்டி, 'உது என்ன உண்டியல் உடைச்சவன்ரை ஜீப்போ' என்று சிரித்திருக்கிறார். சிரிக்கத்தான் தோன்றும். தரையில் ஒட்டுப்போட்ட தகடுகள். ஒவ்வொரு றிவெட்டுக்கும் வாஷருக்குப் பதிலாக ஒரு குத்திக்காசு, சில்லறை நாணயம். அந்த வீடியோவை இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்த தர்சிகா கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பியிருக்கிறாள்.

"இது எங்கடை அப்பான்ரை ஜீப்," என்றாள். "இராசநாயகம் எண்டு பேர். பொருளாதாரத் தடை நேரம் வாஷருக்கு எங்கை போறது? காசிலை ஓட்டை போட்டு, காசுக்குக் கீழை பழைய செருப்பு றப்பரை வட்டமா வெட்டி வைச்சு அடிப்பார். தண்ணி ஒரு சொட்டும் ஏறாது. இஞ்சை பாருங்கோ, இந்தச் சதுர அஞ்சு சதம் சரிஞ்சு இருக்கு. நான் வைச்சது. நிமித்தாமல் அப்பிடியே அடிச்சுவிட்டவர்."

அவள் அந்த அஞ்சு சதத்தைத் தொட்டாள். பிறகு கையை எடுக்கவில்லை.

"இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை இருக்கேக்கை பள்ளிக்கூடம் இல்லை. நான் இலக்கம் படிச்சதே இந்தத் தரையிலைதான். விரலை வைச்சு வைச்சு, ஒண்டு, ரெண்டு, அஞ்சு, பத்து எண்டு வாசிப்பன். பிழைச்சால் திருப்பி முதல்லையிருந்து."

"எப்ப போனவர்?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தொண்ணூற்றாறு சித்திரை. பக்கத்து வீட்டுக்காரரின்ரை சாமான் ஏத்திக்கொண்டு கிளாலிக் கரைக்குப் போனவர். 'பின்னேரத்துக்கிடையிலை வாறன்' எண்டவர். இடையிலை பாதை அடைபட்டுது. சனத்தோடை சனமா நாங்கள் இஞ்சாலை வலிகாமத்துக்கு வந்திட்டம். அவர் அங்காலை வன்னிக்குப் போட்டார். பேந்து ஒரு கதையும் இல்லை."

"அம்மா?"

அதுவரை காசில் இருந்த கையை அவள் எடுத்தாள்.

"தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை. இனிச் செய்ய ஒண்டுமில்லை, வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். அம்மா இண்டைக்கும் பொட்டு வைக்கிறா, அக்கா. வருசா வருசம் ஆடி அமாவாசை வரும், தகப்பன் இல்லாத பிள்ளையள் எல்லாம் விரதம் பிடிக்கும். நான் பிடிக்கக் கேட்டால் அம்மா சண்டை. 'அப்பா இருக்கேக்கை விரதம் பிடிச்சு அவரைக் கொல்லப் போறியோ?' எண்டு கேப்பா. நாளைக்கு அமாவாசை. அம்மா கண்ணை மூடுறதுக்கிடையிலை எனக்கு ஒண்டு தெரிய வேணும். அப்பா இருக்கிறாரோ, இல்லையோ. அது மட்டும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

எனக்கு வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. வராத நாள் குறைவு.

அக்கா கைப்பையைத் திறந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். காப்புறுதி வேலைக் காலத்துப் பழக்கம். தகரத்துக்கு மேல் பட்டி பூசி அடிபட்டதை மறைத்திருந்தால் காந்தம் பிடிக்காது, கள்ளம் வெளிக்கும். செபமாலை இல்லாமல் வெளிக்கிட்டாலும் அந்தக் காந்தம் இல்லாமல் வெளிக்கிடமாட்டார்.

"அக்கா, இந்த ஜீப்பின்ரை உடம்பு அலுமினியம். றிவெட்டும் அலுமினியம். காந்தத்துக்கு இஞ்சை வேலையில்லை," என்றார் பார்த்தீபன் அண்ணை.

"தெரியும். அதுதான் வசதி."

தரை முழுக்கக் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனார். ஒரு காசும் அசையவில்லை. பக்கச் சுவருக்கு ஏறினார். அங்கேயும் ஒட்டுத் தகடுகள், ஆனால் காசுகளுக்கு மேல் மூன்று நாலு பூச்சு பெயின்ற். திடீரென்று டக் என்று ஒரு சத்தம். காந்தம் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த காசிலும் டக். அதற்கடுத்ததிலும்.

"பழைய ரெண்டு ரூபாய்க் குத்தியைக் காந்தம் பிடிக்காது," என்றார் அக்கா. "பிந்தித்தான் இரும்பிலை அடிக்கத் தொடங்கினவங்கள். தம்பி, இந்தக் காசு ஒண்டைக் கழட்டித் தாரும் பாப்பம்."

பார்த்தீபன் அண்ணை றிவெட்டுத் தலையைச் சீவி ஒன்றைக் கழற்றினார். காசுக்குக் கீழே வட்டமாக வெட்டின நீலச் செருப்பு றப்பர். அக்கா காசைத் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"ரெண்டாயிரத்து அஞ்சு."

ஒரு கணம் தர்சிகாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் முகம்.

"அப்ப அப்பா இருந்திருக்கிறார்! தொண்ணூற்றாறிலை ஒண்டும் நடக்கேல்லை! ரெண்டாயிரத்து அஞ்சிலையும் இந்த ஜீப்பைத் திருத்தியிருக்கிறார்!"

மறுகணம் அவளே மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிட்டாள். வெளிச்சம் அப்படியே அணைந்தது.

"ரெண்டாயிரத்து அஞ்சிலை சமாதானம், பாதை திறந்திருந்தது என்ன?" என்றாள். "கிளிநொச்சியிலை காலமை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்திருக்கலாம். நானும் அம்மாவும் முகமாலைப் பாதையாலை வாற ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்துக்கொண்டு நிண்டம், அக்கா. ஜீப்பைத் திருத்த நேரம் இருந்திருக்கு. எங்களைத் தேட நேரம் இருக்கேல்லையோ? வேறை குடும்பமோ?"

"அவசரப்படாதையும் பிள்ளை."

"என்னத்துக்கு இனி அவசரப்படாமல் இருக்க? அம்மா இவ்வளவு வருசமும் ஆருக்குப் பொட்டு வைச்சவ? வந்து எட்டிப் பாக்காத மனிசனுக்கோ?" அவள் ஜீப்பின் கதவில் ஓங்கி அடித்தாள். அடித்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "செத்துப்போனார் எண்டு சொல்லுங்கோ, அக்கா. அம்மாவுக்கு அப்பிடியே சொல்லுவம். அது இதைவிட நல்லது."

அவள் தேடின மனிசனை உயிரோடு கண்டுபிடித்துக் கொடுத்தோம், அவளுக்கு அவர் இல்லாமலே போய்விட்டார். இந்தத் தொழிலை விட்டு மீன் விற்கப் போகலாம் என்று எனக்குப் பட்டது.

"நாங்கள் பேந்து வாறம்," என்றார் அக்கா.

ஸ்கூட்டியைத் திருப்பினேன். அக்கா ஏறவில்லை. குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

"நில்லடா. நிப்பாட்டு எஞ்சினை."

"என்ன, காத்துப் போட்டுதோ?"

அக்கா குனிந்து என் நம்பர் தகட்டைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி இன்னொருமுறை பார்த்தார். பிறகு நகத்தால் எதையோ தோண்டினார்.

"வன்னி முழுக்க அலைய வேண்டி வருமெண்டு நினைச்சன். துப்பு இவ்வளவு நாளும் எனக்குக் கீழையே இருந்திருக்கு."

நானும் இறங்கிப் பார்த்தேன். தகட்டை இறுக்கின ஆணிக்கு வாஷராக ஒரு ரெண்டு ரூபாய்க் குத்தி. அதற்குக் கீழே வட்டமாக வெட்டின செருப்பு றப்பர்.

"தர்சிகா!" அக்கா கூப்பிட்ட குரலுக்கு வெங்காயத் தோட்டத்தில் நின்ற கொக்குகள் எழும்பின. "ஓடி வாரும். தரையிலை இருக்கிற காசெல்லாம் எந்தப் பக்கம் தெரியுது?"

"இலக்கப் பக்கம்," அவள் கண்ணைத் துடைத்தாள். "நான் வாசிக்கவெண்டு அப்பா எப்பவும் இலக்கத்தைத்தான் வெளியிலை வைப்பார்."

"இப்ப கழட்டினது?"

பார்த்தீபன் அண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் பக்கச் சுவரிலிருந்த மற்றக் காசுகளைத் தேய்த்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாளைத் தூக்கிப் பிடித்த சிங்கம். சிங்கம். சிங்கம். என் நம்பர் தகட்டிலும் சிங்கம்தான்.

"வேலை ஒண்டுதான், கை வேறை," என்றார் அக்கா. "காசும் றப்பரும் வைக்க உங்கடை அப்பா ஆருக்கோ பழக்கியிருக்கிறார். ஆனால் இலக்கம் ஏன் வெளியிலை வரவேணும் எண்டு அந்தக் கைக்குத் தெரியேல்லை. அந்தக் காரணம் உமக்கும் அப்பாவுக்கும் மட்டும் உள்ளது. ரெண்டாயிரத்து அஞ்சிலை இந்தக் காசை அடிச்சது உங்கடை அப்பா இல்லை, பிள்ளை."

தர்சிகா நிமிர்ந்தாள். கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் வந்தது கோபத்தைவிடப் பொல்லாதது.

"அப்ப அப்பா எங்கை?"

"அதைச் சொல்லக்கூடிய மனிசன் மருதனார்மடத்திலை சைக்கிள் பார்க் வைச்சிருக்கிறார்."

சந்தை வியாபாரம் அடங்குகிற நேரம் போய்ச் சேர்ந்தோம். ஆஞ்சநேயர் கோயில் மணி கேட்டது. பார்க்காரர் என்னைக் கண்டதும், "என்ன, திரும்பக் கடகடக்குதோ?" என்றார். ஐம்பது தாண்டிய மனிசன், ஒரு கால் சற்று இழுக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பெயர் கனிசியஸ்.

"அண்ணை, இந்தக் காசு வேலை ஆரிட்டைப் பழகினியள்?" என்று அக்கா தகட்டைக் காட்டினார்.

"அது சும்மா ஒரு கை வேலை. என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"இராசநாயகம் எண்டவரோ?"

கனிசியஸ் அண்ணையின் கையிலிருந்த சைக்கிள் துண்டுச் சீட்டுக் கட்டு நிலத்தில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து தர்சிகாவில் நின்றார்.

"நீர்... குஞ்சுவோ?"

அவளை அப்படிக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒரு ஆள்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எப்ப கனடாவிலையிருந்து வந்தனீர்?"

"கனடாவோ? நான் ஒருநாளும் கொழும்புக்கு அங்காலை போகேல்லை!"

கனிசியஸ் அண்ணை ஒரு பழைய தயர் மேல் குந்திவிட்டார். பிறகு சொன்னார். கோர்வையாக இல்லை. கதவிடுக்கால் வருகிற மாதிரித் துண்டு துண்டாக வந்தது.

"மல்லாவியிலை ரெண்டு வருசம் அவரோடை திரிஞ்சனான். நோயாளர் ஏத்துற வேலை. மண்ணெண்ணெயிலைதான் ஜீப் ஓடும், எழுப்பிறதுக்கு மட்டும் போத்திலிலை கொஞ்சம் பெற்றோல். தொண்ணூற்றெட்டு மாசியிலை அவருக்கே மலேரியா வந்திட்டுது, மூளைக்கு ஏறினது. நான்தான் ஓட்டினன். அக்கராயன் றோட்டு, சேறு, நாலு சில்லையும் போட்டும் புதைஞ்சிட்டுது. அவரைப் பின்னுக்குத் தரையிலை கிடத்தியிருந்தன். எனக்கு அந்த நாள் மறக்காது. எங்கடை வேதத்துக்கு விபூதிப் புதன். நெத்தியிலை பூசின சாம்பலோடைதான் சேறு தள்ளினனான். விடியப்பறம் சீவன் போட்டுது."

தர்சிகா அழவில்லை. "ஏதேன் சொன்னவரோ?" என்றாள்.

"சொன்னவர் எண்டு சொல்ல ஏலாது, பிள்ளை. காச்சல் பிதற்றல். தரையிலை விரலை வைச்சு இழுத்து இழுத்து, 'ஒண்டு... ரெண்டு... அஞ்சு...' எண்டு எண்ணிக்கொண்டு கிடந்தார். பத்து மட்டும் வருவார், பேந்து முதல்லையிருந்து. 'பிழைச்சிட்டாய், திருப்பிச் சொல்லு' எண்டு ஆரையோ பேசுவார். கொஞ்சம் சிரிப்பார். எனக்கு விளங்கேல்லை. என்னையாக்கும் எண்டு நானும் அவரோடை சேர்ந்து எண்ணினனான்."

அப்போதுதான் அவள் உடைந்தாள். நின்ற இடத்திலேயே இருந்து, சந்தைச் சனம் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். "நான்தான் அப்பா... நான்தான்..." என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அக்கா பக்கத்தில் குந்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அங்கே நின்ற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்ப்பது?

"பக்கத்துச் சனத்தோடை சேர்ந்து எரிச்சம்," கனிசியஸ் அண்ணை தொடர்ந்தார். "சாம்பலைக் குளத்திலை கரைச்சன். நான் வேதக்காரன், உங்கடை முறை தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் செய்தன். பாதை திறந்த உடனை தெல்லிப்பழைக்கு வந்தனான். அவரின்ரை வீட்டுப் பக்கம் முழுக்க ஆமி, உள்ளுக்கை விடேல்லை. மல்லாகத்திலை விசாரிச்சன். 'அவை குடும்பத்தோடை கனடா போட்டினம்' எண்டிச்சினம்."

இதில் ஒருவரையும் குறை சொல்லக்கூட முடியாது. எங்கள் சனத்துக்கு வீடு பூட்டிக் கிடந்தால் கனடா, ஆளைக் காணவில்லையென்றால் கனடா. தெரியாது என்று சொல்ல ஒரு நாயும் இல்லை.

"எண்டைக்கோ ஒருநாள் கோயில் திருவிழாவுக்கெண்டாலும் வருவினம், அப்ப குடுப்பம் எண்டு ஜீப்பைத் திருத்தித் திருத்தி வைச்சிருந்தன். அவர் செய்த மாதிரியே காசு வைச்சு. இலக்கமோ சிங்கமோ எண்டு நான் பாக்கேல்லை, பிள்ளை. அவர் வேலை செய்யேக்கை நான் பாத்தது கையை, காசை இல்லை. கடைசியிலை மாத்தளன் மணலிலை விட்டிட்டு உயிரோடை நடந்து வந்தன். பேந்து இஞ்சை இந்தப் பார்க். சந்தை, கோயில், எல்லாச் சனமும் வாற சந்தி. வெளிநாட்டாக்கள் வந்தால் முகத்தைப் பாப்பன்."

தர்சிகா மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அம்மா வருத்தம் வரும் வரைக்கும் கிழமைக்கு ஒருக்கால் இந்தச் சந்தைக்கு வருவா," என்றாள். "பச்சைச் சைக்கிள். இஞ்சைதான் விடுறவ."

அந்த அம்மாவுக்குத் துண்டு கொடுத்ததும் கனிசியஸ் அண்ணைதான், துண்டு வாங்கியதும் அவர்தான். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகு எழும்பிப் பார்க்கின் படலையை இழுத்துச் சாத்தினார்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். "இது நான் சொல்லவேண்டியது."

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். ஞானாம்பிகை அம்மா யன்னலோரக் கட்டிலில் கிடந்தார். உடம்பில் ஒன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் பெரிய குங்குமப் பொட்டு, காலமை யாரோ நேர்ஸ் பிள்ளை வைத்துவிட்டது. தர்சிகா முதலில் போனாள். வழி முழுக்க ஒத்திகை பார்த்த ஒரு வசனமும் அவளுக்கு வரவில்லை. அம்மாவின் கண் அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. அங்கே கனிசியஸ் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சைக்கிள் பார்க் தம்பியே?" என்றார் அம்மா. "வந்திட்டியோ? ஒருநாளைக்கு வருவாய் எண்டு தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என் கையைப் பிடித்து அமத்தினார்.

"என்ரை சைக்கிள் மட்காட் ஆடினதெண்டு ஒருக்கால் ஆணி போட்டனி," அம்மாவுக்கு மூச்சு இழுத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "கன வருசத்துக்கு முந்தி. வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன், குத்திக்காசு, கீழை செருப்பு றப்பர். அவர் வந்திட்டார் எண்டு நினைச்சன். பேந்து பாத்தன். சிங்கம் வெளியிலை. அவர் வைச்சால் இலக்கம்தான் வெளியிலை. அப்பவே விளங்கிட்டுது, இவன் அவரிட்டைப் பழகினவன். அவர் இருந்திருந்தால் தானே வந்திருப்பார்."

"அம்மா!" தர்சிகாவுக்குக் குரல் கிழிந்தது. "தெரிஞ்சும் ஏனம்மா கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லிப்போடுவான், பிள்ளை."

அம்மா தலையணையில் தலையைத் திருப்பிக் கனிசியஸ் அண்ணையைப் பார்த்தார்.

"கிழமைக்குக் கிழமை அங்கைதான் சைக்கிளை விட்டன். துண்டை வேண்டேக்கை இவன்ரை முகத்தைப் பாப்பன், இண்டைக்குச் சொல்லிப்போடுவானோ எண்டு பயந்து பயந்து. சொல்லாமல் விட்டால் வீட்டை வந்து அடுத்தநாள் காலமை பொட்டு வைப்பன். அவ்வளவுதான். வேறை எனக்கு என்ன இருந்தது?"

கனிசியஸ் அண்ணை கட்டிலடியில் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. விபூதிப் புதன் என்றபோது மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தொண்ணூற்றெட்டு மாசியோ? அண்டைக்குச் சிவராத்திரி. எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நாளிலை வந்தது, எனக்கு நல்ல ஞாபகம். விடிய விடிய முழிச்சிருந்து அவருக்காகத்தான் கும்பிட்டனான்." அம்மா கண்ணை மூடினார். பக்கவாட்டால் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. "அப்ப நானும் முழிச்சுத்தான் இருந்திருக்கிறன். காணும்."

அக்கா திரும்பி யன்னலைப் பார்த்தார். துப்பறியும் ஆட்கள் அழமாட்டார்கள் என்று எனக்கு யாரோ சொன்னது பொய்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார். "தர்சி, நாளைக்கு அமாவாசை எல்லே? நீ விரதம் பிடி. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போவம். நானும் வாறன்."

"இந்த உடம்போடை எப்பிடியம்மா?"

"அவரின்ரை ஜீப்பிலை. அது ஓடுமோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே வந்து பார்த்தீபன் அண்ணைக்குப் போன் அடித்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"பிரேக் பாதிதான் பிடிக்கும், நிருஷன்," என்றார். "ஆனால் நான் மெதுவா ஓட்டுவன். விடியக் கொண்டு வாறன். தரையிலை ஒரு பாய் விரிச்சு வைக்கிறன்."

உள்ளே போய், "ஓடும் அம்மா," என்றேன்.

தர்சிகா சேலைத் தலைப்பை நனைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பொட்டை அழிக்க அம்மாவின் நெற்றிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அது நாளைக்குக் கீரிமலையிலை, பிள்ளை," என்றார். "இண்டைக்கு ஒருநாள் இருந்திட்டுப் போகட்டும்."